தளப் பலகைக்கு அயினியா, வேங்கையா?

மூன்று வருடத்துக்கு முன், ஏப்ரல் 15இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிய மறுநாளே எங்கள் விசைப்படகைக் கரையேற்றிப் பின்தளத்தைப் பிரித்தோம். படகை ஓட்டும் அறையான வீல்ஹவுஸின் கூரையிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டும் இடத்தில் கத்தியை வைத்தால், ஊறிய அவலில் இறங்குவது போல இறங்கியது. தினமும் கடல் தண்ணீர் அடித்துப் போகும் ஓரப் பலகைகளோ கெட்டியாகவே இருந்தன. உப்பு இருக்கும் இடத்தில் பூஞ்சை எளிதில் பிடிக்காது. மழைத்தண்ணீர் இடுக்கில் தேங்கினால்தான் அழுகல்.

புதுப் பலகைக்குத் தேக்கு என்றால் பேச்சே இல்லை. எண்ணெய்ப்பசை உள்ள மரம், அவ்வளவாக ஆடாது, அழுகாது. முடிந்தவர்கள் வாங்கிவிடலாம், எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. மரைன் பிளை போட்டு மேலே பைபர் ஒட்டுவது சீக்கிரம் முடிகிற வேலை. ஆனால் ஒரு போல்ட் ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே போனால், மேலே பளபளவென்று இருக்க உள்ளுக்குள் ஊறிப்போகும். பலகை கெட்டால் கண்ணுக்குத் தெரியும்.

மிஞ்சியது வேங்கையும், பலா இனத்து மரமான அயினியும். உழைப்பில் வேங்கைதான் கெட்டி. ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 800 கிலோ வரும். அயினி 600க்கு அருகில். வேங்கையின் அந்தக் கனம் படகின் உச்சியில் உட்காருவது எனக்குப் பிடிக்கவில்லை. ஈரம் பட்டால் சாயமும் இறக்கும். வேங்கைக் குவளையில் ஊற்றிய தண்ணீர் நிறம் மாறுமே, அதே சாறுதான். இருந்தாலும் வலையை இழுக்கும் விஞ்சுக்குப் பக்கத்தில், இழுவை வலையின் வாயை விரிக்கும் இரும்புப் பலகைகள் வந்து விழுகிற இடத்துக்கு மட்டும் வேங்கையே போட்டோம். அங்கே அயினி தாங்காது.

மற்ற இடமெல்லாம் அயினி. கேரளத்தில் பந்தயத்துக்கு விடும் சுண்டன் வள்ளங்களை இந்த மரத்தில்தான் கட்டுகிறார்கள். ஆனால் நான் அதை எடுத்ததற்குக் காரணம் வேறு. தளத்தின் ஆயுள் பலகையை விட இடுக்கில்தான் இருக்கிறது. வெயிலில் சுருங்கி, மழையில் விரிந்து, இடுக்கு திறந்தால் அதில் அடைத்த பருத்தி நூல் தளர்ந்து தண்ணீர் கீழே இறங்கிவிடும். அப்புறம் வருடா வருடம் இடுக்கை மறுபடி அடைக்கும் கலப்பற்றுக் கூலி. நூற்றுக்கு 2 பங்கு சுருங்கினால் 150 மில்லிமீட்டர் அகலப் பலகையில் இடுக்கு 3 மில்லிமீட்டர் திறக்கும். 75 மில்லிமீட்டர் பலகையில் ஒன்றரைதான். அறுக்கிற விதமும் முக்கியம். பலகை முனையைப் பாருங்கள்: வளையக் கோடுகள் நெட்டுக்குத்தாக நின்றால் நல்லது. படுத்திருந்தால் அகலவாட்டில் ஏறக்குறைய இரண்டு மடங்கு சுருங்கும்.

அயினி மலிவாகக் கிடைத்ததால்தான் எங்களால் பொறுக்க முடிந்தது. வெளிறிய வெள்ளைப் பகுதி உள்ளதையும், கோடு படுத்ததையும் ஒதுக்கினோம். ஏறக்குறைய மூன்றில் ஒன்று கழிந்தது. அப்படியும் வேங்கைக்குச் சொன்ன விலைக்குள் அடங்கிவிட்டது. வேங்கை வாங்கியிருந்தால் வந்த பலகையை எல்லாம் அடித்திருப்போம். இன்னொன்று: பலகையை ஜனவரியிலேயே வாங்கி, இடையில் ரீப்பர் சட்டம் வைத்து நிழலில் அடுக்கிக் காயவிட்டோம். 61 நாள் தடைக்காலத்துக்குள் வாங்கிக் காயவைத்து அடிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். பச்சை மரம் எதுவானாலும் இடுக்கு திறக்கும்.

இந்தத் தளம் இதுவரை மூன்று மழைக்காலம்தான் பார்த்திருக்கிறது. பத்து வருடக் கதை சொல்ல எனக்கு அனுபவம் போதாது. இதுவரை இரண்டு இடுக்கில் மட்டும் நூலை எடுத்து மறுபடி அடித்தோம். இரண்டுமே வேங்கையும் அயினியும் சேரும் இடம். கூரைத் தண்ணீருக்கு ஒரு தகரத் தூம்பு வைத்து நேரே வெளியே விட்டாயிற்று. தளத்தை அலசுவது துறைமுகத்துக்குள் நுழையும் முன்பே, கடல் தண்ணீரில்.