ஒரு டிக்கெட், ஒரு ஆள்: நந்தம்பாக்கத்தில் இரண்டு நாள்

மெஸ்ஸில் கேட்டவர்களிடம் “நந்தம்பாக்கத்தில் கண்காட்சி” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பொய் இல்லை. சென்னை வர்த்தக மையத்தில் எப்போதும் ஏதாவது ஒரு கண்காட்சி இருக்கும்: வீட்டுக் கடன், மரச் சாமான், சூரிய மின்தகடு. ஓய்வுக்குப் பத்து மாதம் இருக்கும் விமானப்படை சார்ஜென்ட் வீட்டுக் கடன் விசாரிக்கப் போகிறான் என்றால் யாரும் மறுகேள்வி கேட்க மாட்டார்கள். காமிக்ஸ் ரசிகர்கள் கூடி, பிடித்த பாத்திரங்களாக வேடமும் போடும் காமிக் கானுக்குப் போகிறேன் என்று உண்மையைச் சொல்லியிருந்தால் டிஸ்சார்ஜ் ஆகும் நாள் வரை கேலி ஓயாது.

டெல்லியில் 2011இல் தொடங்கிய இந்தத் திருவிழா 2024 பிப்ரவரியில்தான் முதன்முறையாகச் சென்னைக்கு வந்தது. அந்த ஆண்டு விடுப்பில் ஊருக்குப் போயிருந்ததால் தவறிப்போயிற்று. 2025 பிப்ரவரியில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் போனேன், தனியாக. மனைவியும் பிள்ளைகளும் பள்ளிக்கூடத்தை முன்னிட்டுச் சாத்தூரில் இருக்கிறார்கள். எனக்குத் தாம்பரத்தில் ஒரு கட்டிலும் ஒரு அலமாரியும். எனவே இது குடும்பத்தோடு போகிறவர்களுக்கான மதிப்புரை அல்ல. நாற்பதை நெருங்கும் வயதில், கூட யாரும் இல்லாமல் போகலாமா என்று யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் வழி. தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் பரங்கிமலை. அங்கிருந்து பட் ரோடு வழியாக ஆட்டோ. சாலை நெடுகிலும் மெட்ரோ வேலை நடப்பதால் அரை மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். வழியெல்லாம் கன்டோன்மென்ட் வாடை அடிக்கும்: வெள்ளையடித்த மரத்தடிகள், ஒரே உயரத்துக்கு வெட்டிய வேலி. அதிகாரிகள் பயிற்சிக் கழகமும் இதே பரங்கிமலையில்தான். அந்த ஒழுங்கைத் தாண்டி வந்து இறங்கினால், வாசலில் முதுகில் இரண்டு வாள் கட்டிய ஒருவன் இளநீர் குடித்துக்கொண்டிருக்கிறான். எனக்கு அப்போதே டிக்கெட் பணம் பாதி தேறிவிட்டது.

டிக்கெட்டில் சாதாரண வகையும் உண்டு, பொம்மை, டி-ஷர்ட் என்று ஒரு பெட்டி சேர்த்துத் தரும் விலை கூடிய வகையும் உண்டு. சாதாரண டிக்கெட் போதும். பெட்டியை நாள் முழுக்கச் சுமக்க வேண்டியிருக்கும், தனி ஆளுக்கு அதைக் கொடுத்து வைக்க ஆள் இருக்காது. தனியாகப் போவதில் நான் கண்ட ஒரே உண்மையான சிரமம் இதுதான். கழிப்பறைக்குப் போனாலும் பையோடுதான் போக வேண்டும்.

வரிசையில் படிக்க ஒன்று எடுத்துப் போயிருந்தேன். காமிக்ஸ் இல்லை. விமானப் பராமரிப்புப் பொறியாளர் உரிமத்துக்கான ஒன்பதாம் பாடத்தொகுதி, மனிதக் காரணிகள் பற்றியது. நான் ஏர்ஃப்ரேம் ஃபிட்டர். இருபது ஆண்டுகள் விமானத்தின் தோலையும் எலும்பையும் பார்த்தவன். ஆனால் வெளியே போனால் அந்த அனுபவத்தை சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் தேர்வுகளில் காட்டினால்தான் செல்லும். ஒவ்வொரு தாளிலும் 75 சதவீதம் வாங்க வேண்டும். களைப்பு, கவனச்சிதறல், மேலதிகாரிக்கு அஞ்சி வாய் திறக்காமல் இருப்பது, இவையெல்லாம் எப்படி விபத்தில் முடிகின்றன என்று அந்தப் புத்தகம் சொல்கிறது. எனக்கு முன்னால் நின்ற பையன் எட்டிப் பார்த்துவிட்டு, “இது என்ன சீரிஸ்?” என்று கேட்டான்.

உள்ளே போனதும் சத்தம். விளையாட்டு அரங்கு ஒரு பக்கம், மேடை ஒரு பக்கம், நடுவில் கடைகள். விளையாட்டு அரங்கைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை, அது என் காலத்துக்குப் பிந்தையது. பொம்மைக் கடைகளில் நிதானம் தேவை. பெயர் வேண்டாம், ஒரு கடையில் ‘கையால் வண்ணம் தீட்டியது’ என்று சொல்லிக் கொடுத்த சிலையில் அச்சில் வார்த்த தையல் கோடு கழுத்திலிருந்து இடுப்புவரை ஓடியது. அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்திருந்தால் போயிருக்கும். சுட்டிக்காட்டினேன். “அது டிசைன் சார்” என்றார்கள். எங்கள் பட்டறையில் பயிற்சிப் பையன் இப்படிச் சொல்லியிருந்தால் அன்று மாலை முழுக்க அரம்தான் போட்டுக்கொண்டிருப்பான்.

நான் நின்ற இடம் ஓவியர்களின் வரிசை. இரண்டு நாளிலும் மொத்தம் ஐந்து மணி நேரமாவது அங்கேதான் கழித்திருப்பேன். அதற்குக் காரணம் என் அப்பா.

அப்பா சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் கட்டிங் மெஷின் ஆள். பள்ளி நோட்டுக்கு அட்டை போட வேஸ்ட் ஷீட் கொண்டுவருவார். பெரும்பாலும் பட்டாசு லேபிள், நாட்காட்டிச் சாமி படம். எப்போதாவது அபூர்வமாக, எந்த அச்சகத்தின் கழிவோ, காமிக்ஸ் தாள் ஒன்று வரும். மடித்து வெட்டுவதற்கு முந்தைய முழுத்தாள் என்பதால் ஒரு புறத்தில் எட்டுப் பக்கங்கள் இருக்கும்: நான்கு நேராக, நான்கு தலைகீழாக. ஐந்தாம் பக்கத்துக்கு அருகில் பன்னிரண்டாம் பக்கம் நிற்கும். பின்புறம் வெற்றுத்தாள். அதாவது கதையில் பாதி இருக்காது. தாளைத் தரையில் விரித்து அதைச் சுற்றித் தவழ்ந்து படிப்பேன். இல்லாத பக்கங்களை நானே யோசித்துக்கொள்வேன். வில்லன் கட்டிப்போட்ட நாற்காலியிலிருந்து நாயகன் எப்படித் தப்பினான் என்பது பல கதைகளில் என் சொந்தக் கற்பனைதான். பிற்பாடு ஒழுங்காகத் தைத்த புத்தகத்தில் அதே கதை கிடைத்தபோது, நான் யோசித்ததே பரவாயில்லை என்று தோன்றியதும் உண்டு. முத்து காமிக்ஸ் 1972இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கிய ஊர்ப்பக்கத்துக்காரன் நான். மின்சாரம் பாய்ந்ததும் மாயாவியின் உடல் மறைந்து இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். அந்தப் படத்தை நோட்டின் பின்பக்கத்தில் வரைந்ததற்காகக் கணக்கு வாத்தியாரிடம் வாங்கிய அடி இன்னும் நினைவிருக்கிறது.

தமிழ் காமிக்ஸ் மட்டுமே வேண்டும் என்பவர்கள் ஜனவரியில் நந்தனத்தில் நடக்கும் புத்தகக் காட்சிக்கோ ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவுக்கோ போவதுதான் சரி. அங்கே வருகிற வாசகர்களில் பாதிப்பேர் என்னைவிட மூத்தவர்கள். நந்தம்பாக்கம் வேறு உலகம். ஓவியரே தன் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். வாங்காமல் நின்று பார்த்தாலும் விரட்டமாட்டார். நான் பழக்கதோஷத்தில் சுவரில் மாட்டும் அச்சுப்படம் ஒன்றைக் கண்ணருகே கொண்டுபோய் நான்கு நிறமும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்தேன். வரைந்த பெண் சிரித்துவிட்டு, “பிரஸ்காரரா?” என்றாள். பிறகு, “உங்களுக்குப் பிடித்த பாத்திரம் எது அங்கிள்?” என்று கேட்டாள்.

இந்தக் கேள்வியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஓராண்டாக என்னிடம் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். மாமனார் கேட்கிறார், பயிற்சிப் பையன்கள் கேட்கிறார்கள், முடிவெட்டுகிறவர் கேட்கிறார்: “அடுத்து என்ன?” பென்ஷனில் பாதியை மொத்தமாக வாங்கலாமா, பதினைந்து ஆண்டு கழித்து அந்தப் பாதி திரும்ப மாதாமாதம் வரத் தொடங்கும்போது எனக்கு என்ன வயது, வங்கி எழுத்தர் பணியில் முன்னாள் படைவீரருக்கான 14.5 சதவீத இட ஒதுக்கீட்டில் முயலலாமா என்று எங்கே உட்கார்ந்தாலும் இதே பேச்சு. ஜனவரியில் ஒரு வேலைவாய்ப்பு முகாமுக்கும் போனேன். என் விண்ணப்பத்தின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பாமலே மேசைக்கு அந்தப்பக்கம் இருந்தவர், “செக்யூரிட்டி சூப்பர்வைசர், ஓகேவா?” என்றார். இரண்டாம் பக்கத்தில்தான் நான் வேலை பார்த்த விமானங்களின் பெயர்கள் இருந்தன.

ஆகவே, பிடித்த பாத்திரம் எது என்று ஒருவர் உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டதும் எனக்குப் பதில் உடனே வரவில்லை. பத்து வினாடி யோசித்துத்தான் மாயாவி என்றேன். அவளுக்கு யாரென்று தெரியவில்லை. விவரம் சொன்னேன். பில்லின் பின்பக்கத்தில் அந்தரத்தில் நிற்கும் ஒரு கையை ஒரு நிமிடத்தில் வரைந்து கொடுத்தாள். கட்டைவிரல் மடிப்பு மட்டும் சற்றுத் தப்பு. நான் சொல்லவில்லை.

இனி வேடமணிகிறவர்கள், காஸ்பிளே என்கிறார்கள். சிலந்தி மனிதர்களை எண்ணிக்கொண்டே வந்தேன், பதினேழோடு விட்டுவிட்டேன். ஒரு கற்பனைப் படையின் சீருடையில் வந்த பையனின் கையில் மூன்று பட்டை, முனை மேல்நோக்கி. நம் சார்ஜென்ட் பட்டையின் முனை கீழ்நோக்கி இருக்கும். அது வேறு நாட்டுக் கணக்கு, கற்பனைச் சீருடை என்று அறிவுக்குத் தெரிகிறது, கை என்னவோ அவன் தோளைத் தட்டித் திருத்தத் துடித்தது. பெல்ட் கொக்கி நடுவில் இல்லை என்பதையும் பார்த்தேன். விடுமுறை நாளிலும் கண்ணுக்கு விடுமுறை இல்லை.

சனிக்கிழமை மூன்று மணி இருக்கும், தூணோரம் ஒரு கல்லூரிப் பெண் அழும் நிலையில் உட்கார்ந்திருந்தாள். யோகா பாய் போன்ற நுரைத்தகட்டில் செய்த இரண்டு பெரிய இறக்கைகள். வலது இறக்கை தோள்வார் நுழையும் இடத்தில் கிழிந்து தொங்கியது. வேடப் போட்டி மேடைக்குப் போக முக்கால் மணி நேரம்தான். தோழி ஒருத்தி கிழிசலின்மேல் டேப்புக்கு மேல் டேப்பாக ஒட்டிக்கொண்டிருந்தாள். அது நிற்காது என்று தூரத்திலிருந்தே தெரிந்தது. வாருக்கான துளையைக் கட்டரால் சதுரமாக வெட்டியிருந்தார்கள், கிழிசல் சரியாக அந்தச் சதுரத்தின் மூலையில் தொடங்கியிருந்தது.

விமானத்தில் வேலை பார்த்த எவனுக்கும் அந்த மூலை தெரியும். 1954இல் காமெட் பயணிகள் விமானங்கள் இரண்டு நடுவானில் சிதறின. விசாரணையில் தெரியவந்தது, உடற்கூட்டில் வெட்டிய திறப்புகளின் மூலைப்பகுதியில் உலோகம் களைத்து விரிசல் விட்டிருக்கிறது என்பது. இழுவிசை மூலையில்தான் குவியும். கூரான மூலை வேண்டாம், வளைத்து வெட்டு என்பது எங்கள் தொழிலில் முதல் ஆண்டுப் பாடம்.

“கொஞ்சம் பார்க்கலாமா அம்மா?” என்று கேட்டேன். தாடி மழித்த, ஒட்ட முடிவெட்டிய, தனியாக வந்த ஒரு நடுவயது ஆள் இப்படிக் கேட்டால் யாருக்கும் தயக்கம் வரும். தோழிதான் முதலில் இறக்கையை நகர்த்திக் கொடுத்தாள். டேப்பை எல்லாம் உரித்தேன். ஓடும் விரிசலின் முனையில் ஒரு வட்டத் துளை போட்டால் விரிசல் அத்தோடு நிற்கும். விமானத் தகட்டில் இதை டிரில்லால் செய்வோம். இங்கே பேனா மூடியின் விளிம்பை அழுத்தித் திருகினேன், நுரை வட்டமாகக் கழன்று வந்தது. சதுரத் துளையின் மற்ற மூன்று மூலைகளையும் அதே மூடியால் உருட்டினேன். பக்கத்தில் கவசம் அணிந்த ஒரு பையனிடம் ஒட்டுப்பசையும் மிச்ச நுரையும் இருந்தன. இரண்டு பக்கமும் பசை தடவி, காய்ந்து விரலில் ஒட்டாத பதம் வந்த பிறகே சேர்க்க வேண்டும். அந்தப் பத்து நிமிடம்தான் பெரும்பாடு. “ஒட்டிவிடலாமா அங்கிள்?” என்று நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டாள். கடிகாரத்தைக் காட்டினேன். கடைசியில் விளிம்பைத் தைத்தேன். பெலகாவியில் பயிற்சிக்குச் சேர்ந்த காலத்திலிருந்து பையில் ஊசி நூல் பொட்டலம் இல்லாமல் நான் வெளியே கிளம்புவதில்லை. படையில் அதற்கு ஹவுஸ்வைஃப் என்றே பெயர். இதைச் சொன்னதும் இருவரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

“நீங்களும் காஸ்பிளே செய்வீர்களா அங்கிள்?” என்று தோழி கேட்டாள். இல்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். “இருபது ஆண்டாக ஒரே வேடம்” என்று சொல்லியிருக்கலாம் என்பது ரயில் குரோம்பேட்டை தாண்டும்போதுதான் தோன்றியது.

அவளுக்குப் பரிசு எதுவும் கிடைக்கவில்லை. இறக்கை நின்றது.

ஞாயிற்றுக்கிழமை பையில் அரம், உப்புத்தாள், கட்டர், பசை எல்லாம் இருந்தன. வாசலில் பையைத் திறந்து பார்த்த காவலருக்கு ஐம்பது வயது இருக்கும். ஷூவின் பளபளப்பைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, அவருக்கும் என் தலைமுடியைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. “எந்த ரெஜிமென்ட்?” “ஏர்ஃபோர்ஸ் அண்ணே.” “நான் மெட்ராஸ் ரெஜிமென்ட், ஹவில்தாராக ஓய்வுபெற்று வந்தேன். உனக்கு எப்போது?” “டிசம்பர்.” கட்டரை எடுத்து ஒரு உறையில் போட்டு என் பெயரை எழுதினார். அரத்தையும் எடுத்துக்கொண்டார். வரிசை நீண்டதால் மேற்கொண்டு பேச முடியவில்லை. மாலையில் திரும்பும்போது உறையைக் கொடுத்துவிட்டு, “உள்ளே என்னதான் இருக்கிறது? இரண்டு நாளாக நிற்கிறேன், எட்டிக்கூடப் பார்க்க முடியவில்லை” என்றார். பில்லின் பின்பக்கத்தில் இருந்த கையைக் காட்டினேன். “மாயாவி!” என்றார் உடனே.

அன்று மட்டும் ஒரு கவசத்தோள், இரண்டு வாள்பிடி, ஒரு தலைக்கவச வார் சரிசெய்தேன். ஒருவன் பணம் கொடுக்க வந்தான், மறுத்தேன். இன்னொருவன் வீட்டில் வைத்து முழுக் கவசம் செய்துதர முடியுமா என்று கேட்டு என் எண்ணை வாங்கிக்கொண்டான். அவனிடம் பணம் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். தனியாகப் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. ஞாயிறு மதியத்துக்கு மேல் நடக்க இடமிருக்காது, ஓவியர்களோடு பேச வேண்டுமானால் சனி காலையே போய்விடுங்கள். கூட்டத்தில் கைபேசிச் சமிக்ஞை வந்து போகும், சில்லறையாகப் பணம் வைத்திருங்கள். சாப்பாட்டை வெளியே முடித்துவிட்டுப் போவது பர்ஸுக்கு நல்லது. கட்டரையும் அரத்தையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள், வாசலில் வாங்கிக்கொள்வார்கள். வட்டத் துளைக்குப் பேனா மூடி போதும்.