சினிமா போஸ்டருக்கு கிரிட்: 6 வருடப் பயன்பாட்டில் தெரிந்தவை

6 வருடமாக கிரிட் (பக்கத்தைக் கட்டங்களாகப் பிரிக்கும் வழிகாட்டிக் கோடுகள்) இல்லாமல் நான் எந்தப் போஸ்டரையும் வடிவமைத்ததில்லை. இத்தனை நாளில் உறுதியாகத் தெரிந்த ஒன்று, போஸ்டரைத் தாங்குவது கிடைக்கோடுகள்தான். நெடுக்குக் கோடுகளுக்கு அதற்கு அடுத்த இடம்தான்.

ஆரம்பத்தில் வெப்சைட் டிசைனில் பழகிய 12 பத்தி (நெடுக்குப் பிரிவு) கிரிட்டையே இங்கேயும் போட்டேன். கோடுகள் அவ்வளவு நெருக்கமாக இருந்தால், எதை எங்கே வைத்தாலும் ஏதோ ஒரு கோட்டில் ஒட்டிக்கொள்ளும். திரையில் எல்லாம் ஒழுங்காகத் தெரிந்தது. பிரிண்ட் எடுத்துத் தள்ளி நின்று பார்த்தால் முகம், டைட்டில், தேதி மூன்றும் ஒன்றோடொன்று மோதின.

இப்போது 6 பத்தி, 9 வரிசை. 24×36 அங்குலப் போஸ்டரில் இது சரியாக 4 அங்குலச் சதுரங்களாக வரும். 27×40 அளவில் ஒரு கட்டம் 4.5 அகலம், 4.44 உயரம், கண்ணுக்குச் சதுரம்தான். அதனால் ஓர் அளவில் செய்ததை இன்னொன்றுக்கு மாற்றும்போது பெரிதாக எதையும் நகர்த்த வேண்டியதில்லை. ஃபோட்டோஷாப்பில் 'நியூ கைடு லேஅவுட்' திறந்து பத்தி, வரிசை எண்களைக் கொடுத்து, 'கட்டர்' (கட்டங்களுக்கு நடுவே விடும் இடைவெளி) இடத்தைக் காலியாக விட்டால் போதும். பிளீடை (வெட்டுவதற்காக ஓரத்தில் கூடுதலாக விடும் பகுதி) சேர்க்காமல், வெட்டிய பிறகு நிற்கும் அளவில் போடுங்கள்.

முகம் பெரிதாக வரும் போஸ்டர் என்றால், கண்களை மேலிருந்து மூன்றாவது கோட்டில் வைப்பேன். டைட்டிலுக்கு ஏழாவது வரிசை. கடைசி வரிசையை நடிகர்கள், தொழில்நுட்பக் கலைஞர்கள் பெயர்களுக்கென்று முதல் நாளே ஒதுக்கிவிடுவேன். அப்படி ஒதுக்காத காலத்தில், பிரிண்டுக்குப் போக வேண்டிய கடைசி நேரத்தில் நாலு பெயர் கூடுதலாக வந்தது. டைட்டிலை மேலே தள்ளினேன், அது தாடையை மறைத்தது. முகத்தைச் சின்னதாக்கினேன், போஸ்டரின் உயிரே போய்விட்டது. இப்போது பெயர் கூடினால் அந்த வரிசைக்குள்ளேயே எழுத்தைக் குறுக்கிக்கொள்கிறேன்.

தமிழ் டைட்டிலில் கிரிட்டை அப்படியே நம்பக்கூடாது. 'கீ'யின் மேல்சுழி, 'கூ'வின் கீழ்வளைவு எல்லாவற்றையும் இரண்டு கோட்டுக்குள் அடைத்தால் எழுத்து பரிதாபமாகச் சிறுத்துப்போகும். எழுத்தின் உடல் மட்டும் கோட்டில் உட்காரட்டும், சுழியும் வாலும் வெளியே போகட்டும். டைட்டிலுக்குக் கம்பீரமே அங்கேதான் வருகிறது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு 2 வருடம் பிடித்தது.

அப்புறம், முதலில் காகிதத்தில் உள்ளங்கை அளவுக்குக் கிறுக்கிப் பார்த்துவிட்டுத்தான் கோடு போடுவேன். யோசனை பிறக்கும் முன்பே கிரிட்டைத் திறந்தால் கை தானாகக் கட்டங்களை நிரப்பப் பார்க்கிறது.

இந்த கிரிட் எனக்குக் கைகொடுக்காத இடம், 16:9 அகலப் பேனர். நிற்கும் போஸ்டரை அதில் படுக்கவைக்க முடியாது. அதற்கு 16 பத்தி, 9 வரிசை என்று தனியாகப் போட்டு, டைட்டிலை முகத்துக்குக் கீழேயிருந்து எடுத்து, அந்த முகம் பார்க்கும் பக்கத்துக்குக் கொண்டுபோகிறேன்.