கல்லை உடைத்தார்கள், வெளியே வந்ததா என்று பார்க்கவில்லை

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் கிட்னியில் கல் இருக்கிறவர்கள் பலரும் மீன்பிடித் தடைக்காலத்துக்காகக் காத்திருப்பார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது. வைத்தியம் பார்க்க அதுதான் தோதான நேரம். அது தெரிந்துதான் "கத்தி இல்லை, தையல் இல்லை, ஒரே நாளில் கல் காலி" என்று நோட்டீஸ் கொடுக்கிறார்கள். அதை நம்பிப் போன என் மச்சானுக்கு நடந்ததை எழுதுகிறேன். அடுத்த தடைக்காலத்துக்கு முன் நம் ஆட்கள் படித்துவிட வேண்டும்.

மச்சானுக்கு இடது கிட்னியின் அடிப்பகுதியில் 16 மில்லிமீட்டர் கல். அந்தத் தனியார் சென்டரில் அல்ட்ராசவுண்ட் மட்டும் எடுத்தார்கள். உடம்புக்கு வெளியிலிருந்தே கல்லை உடைக்கும் அதிர்வலையை இன்றைக்கே கொடுத்துவிடலாம், பணத்தை முதலில் கட்டுங்கள் என்றார்கள். அக்கா வளையலை அடகு வைத்துக் கட்டியது. முடிந்ததும், "கல் பொடியாகிவிட்டது, தண்ணீர் நிறையக் குடிங்க" என்றதோடு சரி. திரும்ப எப்போது வர வேண்டும், எந்த ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதித் தரவில்லை.

தடை முடிந்து கடலுக்குப் போனவர் வலியில் சுருண்டுவிட்டார். பாதித் தொழிலில் படகைத் திருப்பினார்கள். மதுரையில் சி.டி. ஸ்கேன் எடுத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. உடைந்த துண்டுகள் சிறுநீர்க்குழாயில் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டி அடைத்திருந்தன. கிட்னியின் அடியிலும் ஒரு துண்டு அப்படியே கிடந்தது.

அங்கிருந்த சிறுநீரக மருத்துவர் பொறுமையாக விளக்கினார். அதிர்வலை கல்லை உடைக்க மட்டும்தான் செய்யும். துண்டுகள் சிறுநீரோடு தானாக இறங்க வேண்டும். கிட்னியின் கீழ்ப்பகுதியில் கிடக்கும் துண்டு மேலே ஏறி வந்துதான் குழாய்க்குள் போக முடியும். வள்ளத்தின் அடியில் தேங்கிய தண்ணீர் போல அது அங்கேயே நின்றுவிடும். வழி குறுகலாகவோ நீளமாகவோ இருந்தால் இன்னும் சிரமம். அப்புறம், எல்லாக் கல்லும் ஒரே மாதிரி உடையாது. சி.டி.யில் கல்லின் அடர்த்தி ஹவுன்ஸ்ஃபீல்டு என்ற அளவில் தெரியும். அது 1000-க்கு மேல் போனால் நன்றாக உடையும் வாய்ப்பு குறைவு. மச்சானுக்கு 1300-ஐத் தாண்டியிருந்தது. தோலுக்கும் கல்லுக்கும் உள்ள தூரம் 10 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தாலும் பலன் குறையுமாம். நிமிடத்துக்கு 120 அதிர்வு கொடுப்பதைவிட 60 அதிர்வாக நிதானமாகக் கொடுத்தால் நன்றாக உடையும் என்றார். மச்சானுக்கு எந்த வேகத்தில் கொடுத்தார்கள் என்பதற்கு ஒரு காகிதம்கூட எங்களிடம் இல்லை.

இந்தச் சிகிச்சை மோசம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1980-ல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் தொடங்கி எத்தனையோ பேரைக் கத்தியிலிருந்து காப்பாற்றியிருக்கிறது. சின்னக் கல்லுக்கு, சரியான இடத்தில் இருக்கும் கல்லுக்கு நல்ல வழி. நல்ல மருத்துவர் செய்தாலும் துண்டு மிஞ்சலாம். மிஞ்சலாம் என்று முன்னாடியே சொல்லாமல் பணம் வாங்கியதும், மிஞ்சியதா என்று பிறகு பார்க்காததும்தான் அநியாயம். திரும்பப் போய்க் கேட்டபோது, "நீங்கள் தண்ணீர் குடித்திருக்க மாட்டீர்கள்" என்று பழியை அவர் மேலேயே போட்டார்கள். இன்னொரு தடவை செய்ய மறுபடி முழுப் பணம் வேண்டுமாம்.

மதுரையில் சிறுநீர்ப் பாதை வழியாகக் கருவி விட்டு, குழாயை அடைத்திருந்த துண்டுகளை எடுத்து, சிறுநீர் தடையில்லாமல் இறங்க ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை உள்ளே வைத்தார்கள். அதை எடுக்க வேண்டிய தேதியை டிஸ்சார்ஜ் சீட்டிலேயே எழுதிக் கொடுத்தார்கள். எடுத்த கல்லைப் பரிசோதனைக்கும் அனுப்பினார்கள். கல்லின் வகை தெரிந்தால்தான் மறுபடி வராமல் தடுக்க வழி சொல்ல முடியும். அடியில் கிடக்கும் துண்டு வளர்கிறதா என்று பார்க்க அடிக்கடி ஸ்கேன் எடுக்க வேண்டும்.

பணம் கட்டுவதற்கு முன் கல் எந்த இடத்தில் இருக்கிறது, எவ்வளவு கெட்டி, என் கல்லுக்கு வேறு வழி இருக்கிறதா, துண்டு நின்றுவிட்டால் யார் எடுப்பார்கள், அதற்குத் தனிப் பணமா என்று கேளுங்கள். பிறகு எடுக்க வேண்டிய ஸ்கேனுக்குத் தேதி வாங்குங்கள். வெறும் எக்ஸ்ரேயைக் காட்டிக் கல் இல்லை என்றால் விட்டுவிடாதீர்கள், யூரிக் அமிலக் கல் எக்ஸ்ரேயில் தெரியாது. சிகிச்சைக்குப் பிறகு குளிர் காய்ச்சலோடு இடுப்பு வலி வந்தாலோ, சிறுநீர் வராமல் நின்றாலோ விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அடைப்போடு கிருமியும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. அந்த இரவே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.