மூளை லிம்ஃபோமா: ரேடியேஷனா, ஸ்டெம்செல்லா, ரெண்டும் வேணாமா?

மூளைல கட்டின்னு எம்ஆர்ஐ ரிப்போர்ட் கைக்கு வந்ததும் வீட்ல கேக்குற முதல் கேள்வி "எப்போ ஆபரேஷன்?"தான். அது லிம்ஃபோமான்னா, அதாவது லிம்ஃபோசைட்ங்கிற வெள்ளை ரத்த அணுக்கள்ல வர்ற புற்றுநோய்னா, அந்தப் பேச்சுக்கு அநேகமா வேலையே இல்ல. கிளையோமாங்கிற வேற வகை மூளைக் கட்டில முடிஞ்ச அளவு வெட்டி எடுப்பாங்க, இது அப்படி இல்லைங்க, பெரும்பாலும் டிஃப்யூஸ் லார்ஜ் பி-செல் வகை, ஸ்கேன்ல பளிச்சுன்னு தெரியுற இடத்தையும் தாண்டி செல்கள் பரவிக் கிடக்கும், உக்காந்திருக்கிறதும் நெறைய பேருக்கு வென்ட்ரிக்கிள் (மூளைக்குள்ள திரவம் நெறஞ்ச அறை) ஓரமா ஆழத்துல. அதனால ஊசி விட்டு ஒரு துணுக்கு எடுக்கிற ஸ்டீரியோடாக்டிக் பயாப்சியே பொதுவா போதும், மீதிய மருந்து பாத்துக்கும்.

அந்தப் பயாப்சிக்கு முன்னாடி ஒரு பொறி இருக்கு. மூளை வீக்கத்துக்கு வழக்கமா டெக்ஸாமெத்தசோன்ங்கிற ஸ்டீராய்டு போட்டுருவாங்க. ஆளும் ரெண்டு மூணு நாள்ல எழுந்து உக்காந்து காபி கேப்பார், வீடே சந்தோஷப்படும். ஆனா இந்தக் கட்டி ஸ்டீராய்டுக்கே கரையும்! அப்புறம் பயாப்சி எடுத்தா ஒண்ணும் சிக்காது, சில வாரம் கழிச்சு திரும்ப முளைக்கும். நம்ம ஊர்ல இது இன்னும் சிக்கல், ஏன்னா மூளைல டிபி கட்டின்னு சந்தேகப்பட்டு டிபி மாத்திரையோட ஸ்டீராய்டும் சேத்துக் குடுத்தா, கரைஞ்சது ஸ்டீராய்டால, பேர் டிபி மாத்திரைக்கு. உயிருக்கே ஆபத்துங்கிற அளவு வீக்கம் இருந்தா வேற வழியில்ல, போட்டுத்தான் ஆகணும். மத்தபடி "லிம்ஃபோமாவா இருக்க வாய்ப்பு உண்டா, பயாப்சி வரைக்கும் ஸ்டீராய்ட தள்ளிப் போடலாமா"ன்னு வாய்விட்டுக் கேக்கலாம், தப்பே இல்ல. கூடவே எச்ஐவி டெஸ்ட், கண்ணுக்குள்ள பரவியிருக்கான்னு கண் டாக்டர்கிட்ட ஒரு பரிசோதனை, உடம்புல வேற எங்கயாவது இருக்கான்னு ஸ்கேன், இதெல்லாம் நடக்கும்.

அடுத்த குழப்பம் ஆர்-சாப், லிம்ஃபோமாவுக்கு வழக்கமாக் குடுக்கிற மருந்துக் கூட்டு. "எங்க மாமாவுக்கும் லிம்ஃபோமாதான், ஆறு தடவ ஆர்-சாப் போட்டு நல்லாயிட்டார், இவருக்கு ஏன் வேற?"ன்னு சொந்தக்காரங்க கேப்பாங்க. கழுத்துலயோ வயித்துலயோ வந்தா அது அருமையான மருந்துதான், ஆனா அதுல இருக்கிற முக்கியமான மருந்துகள் ரத்தத்துலேர்ந்து மூளைக்குள்ள போதுமான அளவு போகாது. அங்க இருக்கிற தடுப்பத் தாண்டணும்னா மெத்தோட்ரெக்ஸேட்ட பெரிய டோஸ்ல குடுக்கணும். பெரிய டோஸ்னா எவ்வளவு? மூட்டுவாதத்துக்கு வாரத்துக்கு 15 மில்லிகிராம் மாதிரி சாப்பிடுற அதே மருந்துதாங்க, இங்க உடம்புப் பரப்பு ஒரு சதுர மீட்டருக்கு 3.5 கிராம் வீதம் போட்டா ஒரு சராசரி ஆளுக்கு ஒரே தடவைல ஐந்தரை கிராமுக்கு மேல போகும். அத அப்படியே விட்டா கிட்னி போயிரும். அதனால முன்னயும் பின்னயும் டிரிப்ஸ், யூரின் அமிலமா ஆகாம இருக்க சோடாபைகார்ப், ஒரு நாள் கழிச்சு நல்ல செல்களக் காப்பாத்துற மாற்று மருந்து லூக்கோவோரின், தெனமும் ரத்தத்துல மருந்து லெவல் டெஸ்ட். இந்த லெவல் டெஸ்ட் அதே ஆஸ்பத்திரில அன்னைக்கே பண்ணித் தர்றாங்களான்னு முதல்ல விசாரிங்க, கட்டடம் எவ்வளவு பெருசுங்கிறதெல்லாம் அப்புறம். வலி மாத்திரை, கேஸ் மாத்திரைன்னு நாமளா எதையும் குடுத்துறவும் கூடாது, சிலது மெத்தோட்ரெக்ஸேட்ட வெளிய போக விடாது.

(மெத்தோட்ரெக்ஸேட் அமெரிக்காவோட லெடர்லி மருந்துக் கம்பெனி ஆய்வகத்துல எல்லாப்பிரகடா சுப்பாராவ் தலைமைல உருவானது. பீமவரத்துக்காரர், நம்ம மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல படிச்சவர், 1948ல செத்துப் போனார். இன்னைக்கும் இந்த நோய்க்கு அதுதான் அஸ்திவாரம்.)

மெத்தோட்ரெக்ஸேட் தனியாவா, கூட்டாவா? கூட்டுதான். 2009ல வந்த ஆய்வுல தனியாக் குடுத்தப்போ 18 சதவீதம் பேருக்குத்தான் கட்டி முழுசா மறைஞ்சது, சைட்டராபைன்ங்கிற இன்னொரு கீமோ மருந்து சேத்தப்போ 46. பிறகு ரிட்டுக்சிமேப், தியோடெப்பா ரெண்டையும் கூட்டி மேட்ரிக்ஸ்னு பேர் வெச்சாங்க, 2016ல வந்த ரிசல்ட்ல 49 சதவீதம், ஏழு வருஷத்துக்கு அப்புறமும் இந்தக் கூட்ட வாங்குனவங்கள்ல பாதிக்கு மேல உயிரோட இருந்தாங்க. ஆனா அந்த ஆய்வுல மொத்தமா 6 சதவீதம் பேர் சிகிச்சையோட பாதிப்புலயே இறந்தாங்க, அதையும் சேத்துத்தான் பாக்கணும். ரிட்டுக்சிமேப் பத்தி இன்னும் சண்டை ஓயல, 2019ல வந்த நெதர்லாந்து-ஆஸ்திரேலியா ஆய்வுல அதால பிரயோஜனம் தெரியல.

கட்டி மறைஞ்சிருச்சு, சரி. இப்பதான் நிஜமான போட்டி, ஏன்னா அப்படியே விட்டா நெறைய பேருக்குத் திரும்ப வரும்.

ஒண்ணு, முழு மூளைக்கும் ரேடியேஷன். பாக்க ஈஸி, படுத்து எந்திரிச்சு வீட்டுக்கு வந்துரலாம். ஒரு காலத்துல இது ஒண்ணுதான் வழி, அப்ப கட்டி வேகமா கரையும், ஆனா பாதிப் பேர் ஒரு வருஷம் தாண்டுறதே கஷ்டம். இன்னொண்ணு, ஸ்டெம்செல் ட்ரான்ஸ்பிளான்ட். நோயாளியோட சொந்த ஸ்டெம்செல்லையே (ரத்த அணுக்கள உருவாக்குற மூல செல்) முன்கூட்டி எடுத்து உறைய வெச்சு, ரொம்ப பலமான கீமோ குடுத்து, திரும்ப ஏத்துவாங்க. சில வாரம் ரத்த அணுக்கள் தரைமட்டம், தனி ரூம், காய்ச்சல் வந்தா எல்லாருக்கும் பதட்டம்.

பிரான்ஸ்ல 60 வயசுக்குள்ள இருக்கிறவங்களுக்கு ரெண்டையும் நேருக்கு நேர் வெச்சுப் பாத்தாங்க, பிரெசிஸ்னு பேர். எட்டு வருஷத்துல நோய் திரும்பாம, வேற விபரீதமும் இல்லாம இருந்தவங்க ட்ரான்ஸ்பிளான்ட்ல 67, ரேடியேஷன்ல 39 சதவீதம். உயிரோட இருந்தவங்க கணக்கு மட்டும் ரெண்டுலயும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், 69, 65. அப்ப எதுவா இருந்தா என்னன்னு தோணும். ஆனா நினைவுத்திறன், யோசிக்கிற திறன் மோசமானவங்க ரேடியேஷன்ல 64 சதவீதம், ட்ரான்ஸ்பிளான்ட்ல 13. நடை தடுமாறுனவங்க 52க்கு 10. உயிர் இருக்கு, ஆனா மாத்திரை எத்தனை சாப்டோம்னு ஞாபகம் இல்ல, பாத்ரூம் போகத் துணை வேணும்னா குடும்பத்துக்கு அது எப்படி ஒண்ணாகும்? என் கணக்குல இந்த வித்தியாசம்தான் தீர்ப்பு, 60 வயசுக்குள்ள இருந்து இதயம், கிட்னி தாங்கும்னா ட்ரான்ஸ்பிளான்ட். எடுத்தவுடனே சிகிச்சையோட பாதிப்புல இறக்கிறவங்க இதுல கூடுதல்தான், அத மறைக்கக் கூடாது, நல்ல அனுபவம் உள்ள இடத்துல பண்ணணும்.

எழுபது தாண்டுனவங்களுக்கு கதையே வேற. ட்ரான்ஸ்பிளான்ட் பெரும்பாலும் தாங்காது, ரேடியேஷனோட ஞாபக மறதி இவங்களத்தான் ரொம்ப மோசமாத் தாக்கும். மெத்தோட்ரெக்ஸேட்ட அடிப்படையா வெச்சு முடிஞ்ச அளவு குடுத்துட்டு, சிலருக்கு அப்புறம் கீமோ மாத்திரைய மட்டும் தொடர்ந்து குடுத்துப் பாப்பாங்க. ரேடியேஷன் இல்லைன்னா ஆயுசு கொறஞ்சிருமோன்னு பயப்படுறவங்களுக்கு 2010ல வந்த ஜெர்மனி ஆய்வு இருக்கு: மெத்தோட்ரெக்ஸேட்டோட ரேடியேஷனும் சேத்தவங்க சராசரி 32 மாசம், சேக்காதவங்க 37 மாசம், அதாவது சேத்ததால ஆயுசு நீளல.

திரும்ப வந்தா? இப்ரூட்டினிப், லெனலிடோமைடு மாதிரி மாத்திரைகள் இருக்கு, ஜப்பான்ல டிராப்ரூட்டினிப்ங்கிற இன்னொரு மாத்திரைக்கு 2020ல அனுமதி குடுத்தாங்க. முதல் தடவ மெத்தோட்ரெக்ஸேட் நல்லா கேட்டு ரொம்ப நாள் கழிச்சு வந்திருந்தா அதையே மறுபடியும் போடலாம், நெறைய பேருக்கு ரெண்டாம் தடவையும் கேக்குது. ஆரம்பத்துல ரேடியேஷன் குடுக்காம வெச்சிருந்தீங்கன்னா அதுவும் அப்ப கைல இருக்கும்.