குரோஷா, ஓரிகாமி, பென்சில், பறவை: பாதியில் எழுந்து போனால் எது தாங்கும்?

பெரிய செலவில்லாத பொழுதுபோக்குகளில் நான் கைவைத்துப் பார்த்தவை நான்கு: பென்சில் ஓவியம், ஓரிகாமி எனப்படும் காகித மடிப்பு, பறவை பார்ப்பது, கொக்கி ஊசியால் நூலைப் பின்னும் குரோஷா. கடைசியில் கையோடு தங்கியது குரோஷாதான். அதனால் இந்த அலசல் கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும், முன்பே சொல்லிவிடுகிறேன்.

செலவை வைத்து இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது, நாலுமே மலிவு. கற்க எளிதா என்பதும் பெரிய கேள்வியில்லை. நாலையும் ஒரே மாலையில் ஆரம்பித்துவிடலாம். எனக்குப் பட்டவரை, ஒரு பொழுதுபோக்கு நிலைக்குமா நிலைக்காதா என்பதைத் தீர்மானிப்பது வேறொன்று: பாதியில் எழுந்து போக வேண்டி வந்தால் அது என்ன ஆகும்? முழுதாக ஒரு மணி நேரம் சும்மா கிடைக்கிறவர்கள் குறைவு. பெரும்பாலோருக்கு வாய்ப்பது பத்து நிமிடம் இங்கே, கால் மணி நேரம் அங்கே. போன் அடிக்கும், அடுப்பு கூப்பிடும், குழந்தை அழும். எழுந்து போய் மூன்று நாள் கழித்து வந்தாலும் விட்ட இடத்திலேயே தொடர முடிந்தால் அது பிழைக்கும்.

முதலில் பென்சில். எச்பி, 2பி, 4பி என்று மூன்று பென்சில் போதும். பென்சில் மையில் கிராஃபைட்டோடு களிமண் கலந்திருக்கும். களிமண் கூடினால் கோடு கெட்டியாகவும் வெளிறியும் விழும், குறைந்தால் மிருதுவாகவும் கறுப்பாகவும் விழும். 1795இல் பிரான்சில் காண்டே என்பவர் கண்டுபிடித்த இந்த முறைதான் இன்றைக்கும் அடிப்படை. புதியவர்கள் கெட்டிப் பென்சிலை அழுத்திப் பிடிப்பதால் ஒரு சிக்கல் வரும். ரப்பர் போட்டால் கறுப்பு போய்விடும், தாளில் விழுந்த பள்ளம் போகாது. மேலே நிழல் தீட்டும்போது அந்தப் பள்ளம் வெள்ளைக் கோடாகத் தெரியும்.

பாதியில் விடுவதைப் பொறுத்தவரை ஓவியம் சுமார்தான். ஜன்னலோரம் ஒரு குவளையை வைத்து வரைந்தால் அரை மணி நேரத்தில் நிழல் நகர்ந்துவிடும். மேசை விளக்கொளியில் வைத்தால் அந்தத் தொல்லை தீரும். ஆனால் மறுநாள் வந்து உட்காரும்போது தலையைச் சாய்த்த கோணம்கூட மாறியிருக்கும், பழைய கோட்டோடு புதுக் கோடு ஒட்டாது. பத்து நிமிடத்தில் முடிகிற சிறு சிறு படங்களாக வரைந்தால் நன்றாகவே ஓடும். ஒரு பொருளை உற்றுப் பார்க்கப் பழக்குவதில் மட்டும் ஓவியத்துக்கு ஈடு இந்த நாலில் வேறு எதுவும் இல்லை.

ஓரிகாமிக்கு ஒரு சதுரத் தாள் போதும். அம்புக்குறியும் புள்ளிக்கோடும் கொண்டு மடிப்பைக் காட்டும் குறியீட்டு முறையை உருவாக்கியவர் ஜப்பானின் அகிரா யோஷிசாவா (1911–2005). அதனால் மொழி தெரியாத புத்தகத்தைப் பார்த்துக்கூட மடித்துவிடலாம். கொக்கு, தவளை, பெட்டி எல்லாம் கிடைக்கிற நேரத்துக்குள் முடிந்துவிடும். சிக்கலான உருவங்களில்தான் வினை. இருபதாவது மடிப்பில் எழுந்து போனால், திரும்பி வந்ததும் கையில் இருப்பது படத்தில் எந்த நிலை என்று கண்டுபிடிப்பதற்கே பொழுது போய்விடும். தவறாக விழுந்த மடிப்பை நீவினாலும் தடம் நிற்கும்; காகிதத்தின் இழை உடைந்தது உடைந்ததுதான்.

இதற்கு ஒரு மாற்று உண்டு, பலர் கவனிப்பதில்லை. ஒரே மாதிரியான சிறு துண்டுகளை மடித்துச் சேர்த்துவைத்து, பிறகு ஒன்றோடொன்று செருகுவது. சொனோபே என்ற துண்டு இதில் பிரபலம். ஆறு துண்டு சேர்ந்தால் கனசதுரம், 30 துண்டு சேர்ந்தால் முட்கள் நீட்டிய பெரிய உருண்டை. ஒரு துண்டுக்கு ஓரிரு நிமிடம்தான், எங்கே விட்டாலும் நஷ்டமில்லை. குரோஷா எனக்கு ஒத்துவந்திருக்காவிட்டால் இதில்தான் இருந்திருப்பேன்.

பறவை பார்ப்பதைப் பற்றி நான் அதிகம் பேசக் கூடாது; ஜன்னலிலிருந்தும் மாடியிலிருந்தும் பார்த்த அளவுதான். விட்டதைத் தொடர்வது என்பதே இதில் இல்லை, எப்போது வர வேண்டும் என்பது பறவையின் இஷ்டம். விடியற்காலையில் நிறைய வரும், அந்த நேரத்தில்தான் வீட்டிலும் வேலை இருக்கும். வெறும் கண்ணில் தொடங்கினாலும் பைனாகுலர் ஆசை வராமல் போகாது. 8×42 என்று போட்டிருந்தால் எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன் லென்ஸ் 42 மில்லிமீட்டர் என்று பொருள். பத்து மடங்குக்கு மேல் போனால் கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தின் மெர்லின் செயலி இலவசம், குரலைக் கேட்டுப் பறவையின் பெயரைச் சொல்லப் பார்க்கும். காட்டுக்கும் ஏரிக்கும் போகிறவர்கள் இதை வேறு மாதிரி எழுதக்கூடும்.

சரி, குரோஷா. ஒரு கொக்கி ஊசி, ஒரு உருண்டை நூல், அவ்வளவுதான். இதில் எந்த நேரத்திலும் ‘உயிரோடு’ இருப்பது ஒரே ஒரு வளையம். மற்ற கண்ணிகளெல்லாம் ஒன்றுக்குள் ஒன்று பூட்டிக்கொண்டவை. இரண்டு ஊசிப் பின்னலில் அப்படியில்லை. ஒரு வரிசைக் கண்ணி முழுவதும் ஊசியில் தொங்கிக்கொண்டிருக்கும், ஊசி நழுவினால் கண்ணிகள் ஏணிப்படி மாதிரி கீழே வரை அவிழ்ந்துகொண்டே போகும். குரோஷாவில் எழுந்து போக வேண்டுமா, கடைசி வளையத்தைக் கொஞ்சம் பெரிதாக இழுத்து ஒரு ஊக்கை மாட்டிவிட்டால் போதும். வரிசையின் நடுவில் விட்டாலும் கவலையில்லை. பையில் போட்டு ஒரு மாதம் மறந்துவிட்டாலும் அதே இடத்தில் நிற்கும்.

தப்பு நேர்ந்தாலும் இதே வசதிதான். நூலை இழுத்தால் கண்ணி கண்ணியாக உருவிக்கொண்டு வரும், தப்பு நேர்ந்த இடம் வரைக்கும் உருவிவிட்டு அங்கிருந்து போட்டுக்கொள்ளலாம். உருவிய நூல் சுருள் சுருளாக இருக்கும். கம்பளி நூல் என்றால் நாற்காலி முதுகில் சுற்றி, நனைத்துக் காயவிட்டால் பெருமளவு நேராகிவிடும். அக்ரிலிக் நூல் அவ்வளவு பணியாது. புசுபுசுவென்று முடி நிற்கும் நூல் வகைகள் மட்டும் விதிவிலக்கு, முடிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதால் உருவுவது பெரும்பாடு.

எழுந்து போனால் எண்ணிக்கை மறக்குமே என்று கேட்கலாம். மறக்கும்தான். ஆனால் போட்ட கண்ணியைத் திரும்ப எண்ணிக்கொள்ளலாம். மேலிருந்து பார்த்தால் கண்ணிக்கு ஒரு கவை வடிவம் தெரியும். தட்டையான வட்டத்துக்குக் கணக்கு இன்னும் சுலபம். சிங்கிள் எனப்படும் அடிப்படைக் குட்டைக் கண்ணியில் முதல் சுற்றில் ஆறு, அடுத்தது 12, அப்புறம் 18, 24 என்று சுற்றுக்கு ஆறு கூட வேண்டும். அதற்கு மேல் கூடினால் ஓரம் அலை அலையாக நெளியும், குறைந்தால் கிண்ணமாகக் குவியும். அந்த நெளிவையே வேண்டுமென்று போட்டு, 1997இல் கார்னெலில் டைனா டைமினா என்ற கணித ஆசிரியர் ஹைபர்போலிக் தளம் என்ற, எங்கும் நெளிந்து விரியும் கணிதப் பரப்புக்கு மாதிரி செய்து காட்டினார். நமக்கு நெளிந்தால் உருவ வேண்டியதுதான்.

குறை இல்லாமல் இல்லை. நூல் சேர்ந்துகொண்டே போகும், அலமாரியில் இடம் கேட்கும். காகிதமும் பென்சிலும் இந்த வம்பு பண்ணாது. ஊசியை இறுக்கிப் பிடித்தால் மணிக்கட்டு வலிக்கும். ஏற்கெனவே கைவலி உள்ளவர்கள் பறவை பக்கமே போய்விடலாம். சதுரங்கள், சிறு பைகள், பாத்திரம் துடைக்கும் துணி இவற்றைப் பற்றித்தான் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். உடம்புக்கு அளவாக ஒரு ஸ்வெட்டர் போடுவது வேறு கதை. அதற்கு முதலில் பத்து சென்டிமீட்டர் சதுரத்துக்கும் கொஞ்சம் பெரிதாக ஒரு மாதிரித் துண்டு போட்டு, அந்த அளவுக்குள் எத்தனை கண்ணி வருகிறது என்று பார்க்கச் சொல்வார்கள். அதில் எனக்கு அனுபவம் போதாது.

முதல் தடவை வாங்குகிறவர்கள் 5 மில்லிமீட்டர் ஊசியும், நடுத்தரப் பருமனில் வழவழப்பான வெளிர்நிற நூலும் எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பு நூலில் கண்ணி கண்ணுக்கே தெரியாது. பெரிதாக எதையாவது போடுவதாக இருந்தால் வேண்டிய நூல் முழுவதையும் ஒரே நேரத்தில், ஒரே சாய எண்ணில் வாங்கிவிடுங்கள். நிறத்தின் பெயர் ஒன்றாக இருந்தாலும் சாயத் தொகுதி மாறினால் லேசாக வித்தியாசம் காட்டும். குறிப்பைப் பார்த்துப் போடும்போது அது அமெரிக்க முறையா பிரிட்டிஷ் முறையா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் குறிப்பில் சிங்கிள் என்று வருவதை பிரிட்டிஷ் குறிப்பில் டபுள் என்பார்கள், மாற்றிப் போட்டால் துணியின் உயரமே வேறாகிவிடும்.