ட்ரெயிலர் களவு: கப்ளர் பூட்டா, சில்லுப் பூட்டா, ஜிபிஎஸ்ஸா?

நாலு வருசத்துக்கு முதல், நவம்பர் மாதம் ஒரு காலை ஆறரைக்கு, என்னோடு வேலை செய்யும் தம்பி வாசலில் நின்று போன் எடுத்தான். "அண்ணை, ட்ரெயிலரை வேற எங்கையும் விட்டனீங்களோ?"

நான் எங்கும் விடவில்லை. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எங்கள் வீட்டு ட்ரைவ்வேயில், முதல் நாள் இரவு வான் வண்டியிலிருந்து கழற்றி, கப்ளரில் (ட்ரெயிலரை வண்டியோடு கொழுவும் முன்முனை) பூட்டுப் போட்டு, இரண்டு தரம் இழுத்தும் பார்த்துவிட்டுத்தான் படுக்கப் போனேன். வெளியே வந்து பார்த்தால் தாரில் ஒரு வெள்ளைக் கீறல் மட்டும் கிடந்தது. ட்ரெயிலரின் முன்பக்கத்தைத் தாங்கி நிற்கும் ஜாக்கின் அடித்தட்டு இழுபட்ட கோடு. ட்ரைவ்வேயின் நடுவில் தொடங்கி, நடைபாதையைத் தாண்டி, வீதி ஓரம் வரை நேராகப் போயிருந்தது. வெட்டின பூட்டோ உடைந்த துண்டோ எங்கும் இல்லை. பூட்டை அவர்கள் தொடவே இல்லை. முன் முக்கோணச் சட்டத்தில் சங்கிலியைச் சுற்றித் தங்கள் வண்டியில் கட்டி இழுத்துப் போயிருக்கிறார்கள். புல் வெட்டும் மெசின்களை இரவில் காராஜுக்குள் விடும் பழக்கம் இருந்ததால் அவை மட்டும் தப்பின.

அடுத்த ட்ரெயிலர் வாங்கியபின் கப்ளர் பூட்டு, சில்லை (சக்கரத்தை) உருளாமல் பிடிக்கும் சில்லுப் பூட்டு, இடத்தைக் காட்டும் ஜிபிஎஸ் ட்ராக்கர் என்று மூன்றையும் வாங்கிப் பாவித்துப் பார்த்துவிட்டேன். என் சாய்வை முதலே சொல்லிவிடுகிறேன்: ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் சில்லுப் பூட்டு வாங்குங்கள். ஆனால் அதை ரொறன்ரோ குளிரில் பராமரிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

கப்ளர் பூட்டில் இரண்டு வகை. கப்ளரின் நாக்குக்குக் குறுக்கே போடும் சின்ன ஊசிப் பூட்டு ஒன்று. கையடக்கமான வெட்டுக்குறடு அதற்குப் போதும், அதைப் பற்றி மேலே பேசத் தேவையில்லை. மற்றது, இழுக்கும் வண்டியின் பின்னால் கப்ளரைக் கொழுவும் இரும்புக் குண்டு (போல்) மாதிரியே ஒரு போலிக் குண்டைக் கப்ளரின் குழிக்குள் நுழைத்து, மேலே இரும்பு வளையம் போட்டு இறுக்குவது. குழி அடைபட்டுவிடுவதால் வேறு வண்டியின் போலில் கொழுவ முடியாது. வாங்கும்போது அளவு பார்க்க வேண்டும். கப்ளர்கள் 1 7/8, 2, 2 5/16 அங்குலம் என்று மூன்று அளவில் வருகின்றன. பெரிய கப்ளருக்குச் சின்னப் பூட்டைப் போட்டால் அது உள்ளே ஆடும்; ஆடுகிற பூட்டைச் சுத்தியலால் அடித்துக் கழற்றலாம்.

இந்தப் பூட்டுக்குச் சாதகமாகச் சொல்ல நிறைய இருக்கிறது. முழங்கால் உயரத்தில் இருப்பதால் குனிந்து சேற்றில் கை வைக்கத் தேவையில்லை. போட பத்து விநாடி. ஆனால் அது காப்பது கொழுவுகிற இடத்தை மட்டும். சில்லு சுதந்திரமாக உருளும். ஐந்துக்கு எட்டு அடி திறந்த ட்ரெயிலர் 500 இறாத்தலுக்குக் கிட்டத்தான் இருக்கும். இரண்டு பேர் கையாலேயே வீதிக்குத் தள்ளிவிடலாம். ஜாக்கின் அடியில் சின்னச் சில்லு பூட்டியிருந்தால் இன்னும் வசதி. இன்னொன்றையும் குனிந்து பாருங்கள்: உங்கள் கப்ளர் சட்டத்தோடு ஒட்டவைத்ததா, நட்டுப் போட்டதா? பல சின்ன ட்ரெயிலர்களில் இரண்டு நட்டுத்தான். நட்டைக் கழற்றி வேறு கப்ளரைப் போட்டால் உங்கள் பூட்டு பழைய கப்ளரோடு நிலத்தில் கிடக்கும். நட்டை வெல்டிங் பொட்டு வைத்து ஒட்டிவிடுவது நல்லது.

சில்லுப் பூட்டு வேறு மாதிரி. சில்லு உருளாவிட்டால் எப்படிக் கொழுவினாலும், எங்கே சங்கிலி கட்டினாலும், டயரைத் தேய்த்துக்கொண்டுதான் இழுக்க வேண்டும். அந்தச் சத்தத்துக்கு முழு வீதியும் எழும்பும்.

ஆனால் எல்லாச் சில்லுப் பூட்டும் ஒன்றல்ல. டயரை இரண்டு பக்கமும் நண்டுக்காலால் பிடிப்பதுபோல் பிடிக்கும் மலிவான வகையில் சில்லின் நட்டுகள் வெளியே தெரியும். ஜாக்கி வைத்துத் தூக்கி, ஐந்து நட்டைக் கழற்றி, சில்லைப் பூட்டோடு எடுத்து எறிந்துவிட்டு வேறு சில்லைப் போட்டால் வேலை முடிந்தது. வேறு சில்லுக்கு எங்கே போவார்கள் என்று யோசிக்கிறீர்களா? நாங்களே முன் சட்டத்தில் ஸ்பெயார் சில்லை மாட்டி வைத்திருக்கிறோம். நான் பூட்டு வாங்கிக் கொண்டுவந்து போட்டுவிட்டு, ஒரு அடி தள்ளி நின்று பார்த்தபோதுதான் அது கண்ணில் பட்டது. அன்றே ஸ்பெயாரைக் கழற்றிக் காராஜில் வைத்தேன். தூரப் பயணம் போகும் நாளில் மட்டும் எடுத்துப் போகிறேன். ஆகவே வாங்குவதானால், நடுவில் வட்டத் தகடு வந்து நட்டுகளை மூடும் வகையையே வாங்குங்கள். விலை கூடத்தான்.

இரும்பு வெட்டும் பட்டரி கிரைண்டர் கொண்டு வருகிறவனுக்கு இதுவும் வெட்டுப்படும். வெட்டுப்படாத பூட்டு என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். அதற்காக நான் செய்வது, ட்ரெயிலரைக் காராஜ் சுவரோடு ஒட்டிவிட்டு, சுவர்ப்பக்கச் சில்லில் பூட்டுப் போடுவது. கிரைண்டரைத் திருப்ப அங்கே இடம் இல்லை; படுத்துக் கிடந்துதான் வெட்ட வேண்டும். எனக்கும் பூட்டப் போகும்போது இடைஞ்சல்தான். ஒரு சாண் இடைவெளி விட்டுக்கொண்டால் கை போகும், கிரைண்டரைத் திருப்ப முடியாது.

இனிப் பராமரிப்பு. இந்த விசயத்தில் எல்லாம் இதில்தான் தங்கியிருக்கிறது. முதல் பனிக்காலத்தில் நானே தோற்றுப்போனேன். சில்லுப் பூட்டு நிலத்திலிருந்து ஒரு அடிக்குள் இருக்கிறது. வீதியில் கொட்டும் உப்பும் உருகின பனிச்சேறும் முதலில் தெறிப்பது அங்கேதான். ஜனவரியில் ஒரு காலை, ஒருவருக்குப் பழைய தளபாடம் ஏற்றிக் கொடுக்க வேண்டியிருந்தது. திறப்பு உள்ளே போகவில்லை. துளை முழுக்கப் பனிக்கட்டி. அவசரத்தில் கேத்திலில் சுடுதண்ணீர் கொண்டுவந்து ஊற்றினேன். திறந்தது. அடுத்த நாள் அந்தத் தண்ணீரே உள்ளே உறைந்து, பூட்டு கல்லாகிவிட்டது. திறப்பை அழுத்தித் திருப்பியதில் திறப்பின் கழுத்து முறுகியது. அதன்பிறகு இரண்டு மாதம் பூட்டே போடாமல் ட்ரெயிலர் வெளியே நின்றது. காசு கொடுத்து வாங்கின பூட்டு காராஜ் மூலையில் கிடந்தது. இப்படிச் சலித்துக் கைவிட்டவர்கள் எங்கள் தொழிலில் எத்தனையோ பேர். போடாத பூட்டு எவ்வளவு தடிப்பாக இருந்தும் என்ன பயன்?

இப்போது செய்வது இதுதான். பனிக்கு முதல், அக்டோபர் கடைசியில், பூட்டைக் கழற்றி நல்ல தண்ணீரில் கழுவி, வீட்டுக்குள் ஒரு இரவு காயவிடுவேன். துளைக்குள் கிராஃபைட் தூள். எண்ணெய் விடுவதில்லை, எண்ணெயில் மண்ணும் உப்பும் ஒட்டிக் களிம்பாகிவிடும். பூட்டும்போது துளை கீழ்ப்பக்கம் பார்க்கத் திருப்பி, ரப்பர் மூடியையும் போட்டுவிடுவேன். மூடி தொலைந்தால் இன்சுலேசன் டேப் ஒரு துண்டு ஒட்டினாலும் போதும். உறைந்தால் சுடுதண்ணீர் வேண்டாம். அற்ககோல் கலந்த டீ-ஐசர் குப்பி இருக்கிறது. அதை வானுக்குள் வைக்காமல் வீட்டு வாசலில் வையுங்கள், வானின் கதவே உறையும் நாளில்தான் அது தேவைப்படும்.

பனிக்காலம் முழுக்க ட்ரெயிலர் பெரும்பாலும் சும்மாதான் நிற்கிறது என்பதை நான் தாமதமாகத்தான் விளங்கிக்கொண்டேன். டிசம்பரிலிருந்து மார்ச் வரை பூட்டைத் தினமும் கழற்ற வேண்டியதில்லை. மாதத்தில் ஒரு நாள், வெயில் எறிக்கும் பகலில், திறந்து துடைத்துத் தூள் போட்டு, சில்லைக் கால்சுற்று உருட்டிவிட்டுத் திரும்பப் பூட்டுகிறேன். இருபது நிமிட வேலை. ஏப்ரலுக்குப் பிறகு தினமும் கழற்ற வேண்டும், ஆனால் அப்போது ஒரு நிமிடம்தான். கழற்ற மறந்து வண்டியை எடுத்தால் மட்காட் நெளிந்துவிடும். அதற்காகப் பூட்டின் திறப்பை வானின் திறப்புக் கொத்திலேயே போட்டிருக்கிறேன். ஒரு மேலதிகத் திறப்பு வீட்டுக்குள்.

ஜிபிஎஸ் ட்ராக்கர் பற்றிச் சுருக்கமாக. அது களவைத் தடுக்காது, போன பிறகு எங்கே என்று சொல்லும். வானில் பூட்டினால் வானின் பட்டரியில் ஓடும். ட்ரெயிலருக்குப் பட்டரி இல்லை. நாலு கம்பி இணைப்பில் வருவது விளக்குகளுக்கான மின்சாரம் மட்டும். ஆகவே சொந்தப் பட்டரி உள்ள ட்ராக்கர்தான் வேண்டும், அதற்கு மாதக் கட்டணமும் உண்டு. சூரிய ஒளியில் ஏறும் வகையை ஒரு வருசம் வைத்திருந்தேன். டிசம்பரில் பகலே ஒன்பது மணித்தியாலம்தான், தகட்டின் மேல் பனி வேறு. லித்தியம் பட்டரியைச் சுழியத்துக்குக் கீழே ஏற்றவும் கூடாது. கிறிஸ்மஸுக்கு முதலே சத்தமில்லாமல் நின்றுவிட்டது.

ஆப்பிளின் சின்ன ட்ராக்கரான ஏர்டேக் மலிவு, மாதக் கட்டணம் இல்லை, ஒரு சின்ன வட்டப் பட்டரியில் ஒரு வருசத்துக்கு மேல் ஓடும். ஆனால் அது ஆளைப் பின்தொடரப் பாவிக்கப்படக்கூடாது என்பதற்காக, கூடவே போகிறவரின் போனுக்கே "உங்களோடு ஒரு ஏர்டேக் வருகிறது" என்று அறிவித்துவிடும். கள்ளனுக்கும்தான். ஆப்பிள் சொல்லும் குளிர் எல்லை −20 பாகை. இங்கே சில இரவுகள் அதையும் தாண்டும். இவ்வளவும் தெரிந்தும் ஒன்றைச் சட்டத்தின் குழாய்க்குள் ஒளித்து வைத்திருக்கிறேன், போனால் முதல் ஒரு மணித்தியாலத்துக்கு உதவும் என்று. இடம் தெரிந்தாலும் நீங்களே போய் நிற்காதீர்கள், பொலிசைக் கூப்பிடுங்கள்.

நிலத்தில் கொங்கிறீட் போட்டு வளையம் பதித்துச் சங்கிலி கட்டுவதுதான் எல்லாவற்றிலும் உறுதி என்று இரண்டு நண்பர்கள் சொல்கிறார்கள். நான் செய்து பார்க்கவில்லை, அவர்கள் வீட்டில் பார்த்ததுதான். இங்கே நிலம் உறைவதால் நாலு அடி ஆழம் போகாவிட்டால் சில வருசத்தில் மேலே தள்ளிவிடும். கிண்ட முதல் ஒன்ராறியோ வன் கோல் என்ற சேவைக்குச் சொல்லிக் குழாயும் கேபிளும் எங்கே போகின்றன என்று குறித்துக்கொள்ள வேண்டும்; அது இலவசம். வாடகை வீட்டில் இதெல்லாம் சரிவராது.

காப்புறுதி கொடுக்கிறார்களே என்று இருக்காதீர்கள். எனக்கு ட்ரெயிலருக்குக் கிடைத்தது, அதற்குள் இருந்த புளோவருக்கும் கருவிகளுக்கும் ஒரு சதமும் வரவில்லை. தொழில் சாமான் என்று தள்ளிவிட்டார்கள். பொலிஸ் முதலில் கேட்டது ட்ரெயிலரின் அடையாள எண்ணான 17 இலக்க வின் நம்பர். அது தகட்டோடு போய்விட்டது. நல்லவேளை, வாங்கிய ரசீதில் இருந்தது. இப்போது தகட்டின் படம் போனில் இருக்கிறது. அந்த நம்பரின் கடைசி ஆறு இலக்கத்தை மரத்தளத்தின் அடியில் இரும்பிலும் பொறித்திருக்கிறேன்.

இப்போது இரவில் சில்லுப் பூட்டு, அதற்கு மேல் கப்ளர் பூட்டு, இரண்டும் போடுகிறேன். ஜாக்கைக் கழற்றி உள்ளே எடுத்து, சட்டத்தை ஒரு மரக்குற்றியில் இறக்கிவிடுகிறேன். கடைக்குப் போகும்போது டயரின் பக்கத்தில் எழுதியிருக்கும் அளவைக் குறித்துக்கொண்டு போங்கள்; அதோடு டயருக்கும் மட்காட்டுக்கும் இடையில் எத்தனை விரல் போகிறது என்றும் பாருங்கள். நான் முதலில் வாங்கினது அந்த இடைவெளிக்குள் போகாமல் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று.