ட்ராலி ஸ்பீக்கரில் ஒரு மெக்சிகோ கதைப்பாட்டு

ராணிப்பேட்டையில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறேன். பிறந்தநாள், காதுகுத்துக்கெல்லாம் பெரிய பாக்ஸை ஏற்றிக்கொண்டு போவானேன் என்று வேலூரில் ஒரு 12 இன்ச் ட்ராலி ஸ்பீக்கர் வாங்கினேன். கம்பெனி பெயர் வேண்டாம். இந்த விலைக்கு வருகிற பெட்டி எல்லாம் ஏறக்குறைய ஒரே ரகம்தான்.

குத்துப்பாட்டுக்கு அட்டகாசம். ஆனால் கல்லூரியில் படிக்கும் அக்கா மகன், "மாமா, இதைப் போட்டுப் பாருங்க" என்று ஒரு கொரிதோவைப் போட்டான். பெட்டியின் வண்டவாளம் அப்போதுதான் தெரிந்தது.

கொரிதோ மெக்சிகோவின் கதைப்பாட்டு. 1910-இல் தொடங்கிய புரட்சிக் காலத்தில் சண்டைச் செய்தியே இப்படித்தான் ஊர் ஊராகப் போனதாம். இப்போதைய புதுப் பாணியை 2019 வாக்கில் எர்மோசியோ நகரத்துப் பையன் நத்தனாயேல் கானோ பிரபலமாக்கினார். அதே வழியில் வந்த பெசோ புளூமா 2024-இல் கிராமி வாங்கிவிட்டார். இந்தப் பாட்டுகளில் பெரும்பாலும் டிரம்ஸ் கிடையாது. 12 தந்தி கிட்டார் ஓடும், டிராம்போன் ஊதும், அடியில் பெரிய பேஸ் வாத்தியம் தும் தும் என்று தாங்கும். அந்தத் தும் தும்மை இந்த ஸ்பீக்கர் ஊதிப் பெரிதாக்கிப் பாடுகிறவன் குரலை விழுங்கிவிடுகிறது. குரல் போனால் கொரிதோவில் என்ன மிச்சம்?

பையன் வரி வரியாக அர்த்தம் சொன்னான். ஒன்றுமில்லாத வீட்டில் பிறந்தேன், மேலே வரணும் என்று வெறி இருந்தது, கூட நின்றவனை மறக்கவில்லை, முதுகில் குத்தியவனையும் மறக்கவில்லை. இவ்வளவுதான் கதை. கேட்டதும் எனக்கு நம்ம தேசிங்கு ராஜா கதைதான் ஞாபகம் வந்தது. 1714-இல் ஆற்காட்டு நவாபோடு சண்டை என்றதும் கல்யாணத்தைப் பாதியில் விட்டு ஓடி வருகிறான் நண்பன் மகமத்கான். வந்து, செத்தும் போகிறான். அங்கே விசுவாசத்துக்குக் கைம்மாறே கிடையாது. கொரிதோவில் கணக்கு வேறு: நீ எனக்காக நின்றாய், நான் ஏறும்போது உன்னையும் ஏற்றிவிடுவேன். பேராசைக்காரனுக்கு அந்த வாக்குத்தான் கடிவாளம். முகூர்த்த நாளில் இருநூறு ரூபாய் கூட வருகிறது என்று பக்கத்து செட்டுக்கு ஓடும் பையன்களை வைத்துத் தொழில் செய்கிறவனுக்கு இது நன்றாகவே உறைக்கும்.

யாருக்கு விசுவாசம் என்பதைத்தான் பல பாட்டுகள் கேட்பதில்லை. போதைக் கும்பல் தலைவனைத் தூக்கிப் பிடிக்கிற பாட்டுகளும் இதில் நிறைய. அதனால்தான் 2023-இல் டிஹுவானா நகரசபை அந்த வகைப் பாட்டுகளைப் பொது மேடையில் பாடத் தடை போட்டது. தப்பில்லை என்பேன்.

சரி, ஸ்பீக்கருக்கு வருவோம். பேஸைப் பாதிக்கும் கீழே இறக்கி, ட்ரபிளை முக்கால்வாசி ஏற்றினால் குரல் ஓரளவு வெளியே வரும். எகோவை முழுசாக மூடிவிடுங்கள். கூட வருகிற மைக் சுத்த வேஸ்ட். தனியாக ஒரு நல்ல வயர் மைக் வாங்கிக்கொள்ளுங்கள். சார்ஜ் ஒரு சாயங்கால விசேஷத்துக்குத் தாங்கும். வில்லுப்பாட்டு, சொற்பொழிவு, கொரிதோ மாதிரி வார்த்தை முக்கியம் என்றால் 8 இன்ச் பெட்டி இரண்டாக வாங்குங்கள், விலை கொஞ்சம் கூடினாலும்.